அப்பாவின் ஐந்து பாகங்கள்

எனக்குப் பொன்னியின் செல்வன் பிடிக்காது. இதை நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்ல எனக்கு ஐம்பது வயது ஆக வேண்டியிருந்தது.

2022இல் படம் வரப்போகிறது என்றதும், எங்கள் வட்டாரத்து வாசகர் குழுவில் ஐந்து பாகங்களையும் மாதத்துக்கு ஒன்றாகப் படித்துவிடலாம் என்று முடிவெடுத்தோம். சிங்கப்பூரில், ஈசூனில் ஒரு சமூக மன்றத்து அறை, மாதக் கடைசி ஞாயிறு, வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள், தேக்காவிலிருந்து யாராவது வாங்கி வரும் வடை. முதல் பாகத்துக்கு வழக்கத்தைவிடக் கூட்டம். ஒவ்வொருவராகப் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் பள்ளிக்கூட நாளில் மேசைக்கு அடியில் வைத்துப் படித்து அடி வாங்கியதைச் சொன்னார். ஓர் அம்மா, மகளுக்குக் குந்தவை என்று பெயர் வைக்க ஆசைப்பட்டு மாமியார் விடாததைச் சொன்னார். என் முறை வந்தது. "எனக்கு இது பிடிக்கவில்லை. இருபது வயதில் படித்தபோதும் பிடிக்கவில்லை, இப்போது திரும்பப் படித்தும் பிடிக்கவில்லை" என்றேன்.

யாரும் கோபப்படவில்லை. பல வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், நான் மிகவும் மதிக்கிறவர், பரிவோடு சொன்னார்: "நீங்க இங்கேயே பிறந்து வளர்ந்தவங்க இல்லையாம்மா? அந்தத் தமிழ் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கும். நிதானமாப் படிங்க, பிடிச்சிடும்."

அன்றிரவு தூக்கம் வரவில்லை. அந்தப் புத்தகத்தில் நான் குறையே சொல்ல முடியாத ஒன்று உண்டென்றால் அது அதன் தமிழ்தான். வாராவாரம் பத்திரிகை வாங்குகிற எல்லாருக்கும் புரிய வேண்டும் என்று எழுதிய தமிழ் அது. தண்ணீர் மாதிரி ஓடும். எனக்குப் புரியாமல் போய்ப் பிடிக்காமல் போகவில்லை. நன்றாகப் புரிந்துதான் பிடிக்கவில்லை.

கூட்டம் முடிந்து மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது ஒரு பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். உயர்நிலை மூன்றில் படிக்கிறவள். அம்மா கூட்டி வந்ததால் வருகிறாள், மூன்று மாதமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. மெதுவாகக் கேட்டாள்: "ஆன்ட்டி, அப்படிச் சொல்லலாமா?"

"எதை?"

"பிடிக்கலைன்னு."

இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நானும் அதே பிள்ளையாக இருந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஆங்கில இலக்கிய வகுப்பில் ஒரு நாடகத்தை எடுத்துக்கொண்டு, இந்த இடம் சரியில்லை, இவன் இப்படிச் செய்திருக்கமாட்டான் என்று எழுதினால் ஆசிரியர் பக்கத்தில் சரி போட்டுக் கொடுப்பார். தமிழ் வகுப்புக்கு வந்தால் புத்தகம் வேறு மாதிரி ஆகிவிடும். வீட்டுக்கு வந்த பெரிய தாத்தா மாதிரி. காலில் விழலாம், குறுக்கே பேசக் கூடாது. யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனாலும் எல்லாருக்கும் தெரியும்.

காரணமும் புரிகிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடுதான். நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று, பெயர்ப்பலகைகளில் இருக்கிறது, நாணயத்தாளில் இருக்கிறது, ஆனால் சாப்பாட்டு மேசையில் குறைந்துகொண்டே வருகிறது. அப்படிப்பட்ட இடத்தில் ஒருத்தி எழுந்து, எல்லாரும் கொண்டாடுகிற தமிழ்ப் புத்தகம் எனக்குப் பிடிக்கவில்லை என்றால், இருக்கிற ஒரு விளக்கையும் ஊதி அணைக்கிறாள் என்று தோன்றும். அந்தப் பெரியவரின் பயம் எனக்கும் உண்டு. ஆனால் அந்தப் பெண் மின்தூக்கியடியில் கேட்ட கேள்விதான் என்னை அதைவிட அதிகமாகப் பயமுறுத்துகிறது. பிடிக்கவில்லை என்று சொல்ல இடமில்லாத மொழியில் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை ஏன் தானாகப் போய் ஒரு புத்தகத்தைக் கையில் எடுக்கப் போகிறது?

இப்போது அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரைச் சொல்லாமல் இந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேச எனக்கு வராது.

அப்பா காட்டுமன்னார்கோயில்காரர். 1964இல் ரஜூலா கப்பலில் வந்து இறங்கினார். அப்போது வயது இருபத்திரண்டு. துறைமுகத்தில் கிராணி வேலை. இறங்குகிற மூட்டைகளையும் பெட்டிகளையும் எண்ணிக் குறித்துக்கொள்கிற வேலை. கொண்டு வந்த தகரப் பெட்டியில் நாலு சட்டை, ஒரு போர்வை, அத்தை பைண்டு செய்து கொடுத்த பொன்னியின் செல்வன் ஐந்து பாகம். கல்கி வார இதழில் 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை கதை வந்தபோது அத்தைக்குப் பதினாறு, பதினேழு வயது. தம்பிக்கு வாசித்துக் காட்டுவது, பிறகு அந்தப் பக்கங்களை மட்டும் கத்தரித்து வைப்பது. மைதாப் பசை, சாக்குநூல் தையல், முதுகில் சிவப்புக் காலிகோ. சில பக்கங்களின் பின்புறத்தில் வேறு ஏதோ ஒரு கதையின் நடுப்பகுதி இருக்கும், கூந்தல் தைல விளம்பரம் இருக்கும். மணியம் வரைந்த படங்களில் சிலவற்றுக்கு அத்தை கலர் பென்சிலில் வண்ணம் தீட்டியிருப்பார்.

தெலுக் பிளாங்காவில் எங்கள் மூவறை வீட்டில் இந்த ஐந்து புத்தகங்களும் சாமி மாடத்துக்குக் கீழே இருந்தன. இரவுப் பணி இல்லாத நாட்களில் அப்பா கைலியோடு நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து வாசிப்பார். முதல் பாகத்தின் முதல் அத்தியாயத்தை எத்தனை தடவை வாசிக்கக் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரை மேல் வந்தியத்தேவன் குதிரையில் வருகிற இடம். அப்பாவின் குரல் அங்கே மட்டும் மாறும். ஏனென்றால் அது அவருடைய ஏரி. வீராணம். அவர் நீச்சல் பழகிய ஏரி.

அவர் போன பிறகுதான் அந்தப் பக்கங்களை நான் ஒழுங்காகப் பார்த்தேன். பென்சிலால் கோடு போட்டிருக்கிறார். கதையில் முக்கியமான இடத்திலோ அழகான வரியிலோ ஒரு கோடும் இல்லை. ஊர்ப் பெயர்களுக்கு மட்டும்தான் கோடு. கடம்பூர். குடந்தை. பழையாறை. அரிசிலாறு. திருப்புறம்பயம். கோடிக்கரை. ஓர் இடத்தில் ஓரத்தில் எழுதியிருக்கிறார்: "சித்தப்பா கடை இந்த வழிதான்." துறைமுகத்தில் மூட்டை எண்ணிக் குறித்த அதே கையெழுத்து, சின்னச் சின்னதாக, சாய்ந்த எழுத்து. அவர் படித்தது கதையை அல்ல. ஊருக்குப் போய்வந்துகொண்டிருந்தார்.

எனக்கு அந்த ஊர் இல்லை. அந்த ஆறுகள் எனக்கு வெறும் பெயர்கள். அதனால் எனக்குக் கதைதான் மிஞ்சியது, கதையைத்தான் நான் படித்தேன்.

கதையில் எனக்கு முதலில் உறுத்தியது ஒட்டுக்கேட்பது. வந்தியத்தேவன் கடம்பூர் மாளிகையில் தங்குகிற அன்றிரவே சிற்றரசர்கள் கூடிச் சதி பேசுகிறார்கள். அவன் மறைந்திருந்து கேட்கிறான். திருப்புறம்பயம் பள்ளிப்படையில் சதிகாரர்கள் கூடுகிறார்கள். அங்கே ஆழ்வார்க்கடியான் மறைந்திருந்து கேட்கிறான். இப்படியே போகும். வாரம்தோறும் வாசகரைக் காத்திருக்க வைக்க வேண்டிய தொடருக்கு இது நல்ல வழி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் அதை ஈசூனிலிருந்து தஞ்சோங் பகாருக்கு ரயிலில் போகிற முக்கால் மணி நேரத்தில், நாலைந்து அத்தியாயமாக, ஒரே மூச்சில் படிக்கிறேன். ஒரு வார இடைவெளி இருந்த இடத்தில் எனக்கு அடுத்த பக்கம் இருக்கிறது. அங் மோ கியோவில் ஒரு திடுக்கிடல், நோவீனாவில் ஒரு திடுக்கிடல்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். எனக்குப் பொறுக்காதது வேறு. எல்லா ரகசியமும் ஒட்டுக்கேட்டே தெரிந்துவிட்டால், ஒருவர் எதிரே ஒருவர் உட்கார்ந்து உண்மையைச் சொல்லும் இடம் குறைந்துபோகிறது. குடும்பத்தில் அதைவிடக் கஷ்டமான காரியம் எது? சொல்லலாமா வேண்டாமா என்று பல வருடம் நெஞ்சில் வைத்திருந்து, ஒருநாள் வாயைத் திறப்பது. நான் நாவல் படிப்பதே அந்த இடத்துக்காகத்தான். கல்கி அந்த இடத்தை அடிக்கடி கதவுக்குப் பின்னால் நிற்கிறவனிடம் கொடுத்துவிடுகிறார்.

அப்புறம் பூங்குழலி. அந்தப் புத்தகத்தில் என் மனதோடு வந்தவள் அவள் ஒருத்திதான். கோடிக்கரைப் படகுக்காரி, இருட்டில் தனியாகக் கடலில் துடுப்பு வலிக்கிறவள், அரண்மனைக்காரர்களிடம் ஒரு கோபம் வைத்திருக்கிறவள். அவளைக் கடைசியில் ராணியாக்கிவிடுகிறார். சேந்தன் அமுதன் உத்தம சோழனாகிறான், அவள் அவன் பக்கத்தில் உட்காருகிறாள். பலருக்கு அது மனம் நிறைந்த முடிவு. எனக்கு அவளைக் கரையேற்றிப் படகைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. இருபது வயதில் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு அழுதேன். அப்பா, சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்தார். நான் திருத்தவில்லை.

மூன்றாவது, பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலை. 293 அத்தியாயம் இருக்கிற கதையில் எல்லாம் அந்த ஓர் இரவை நோக்கித்தான் போகிறது. அங்கே போனால் இருட்டு, குழப்பம், யார் கை என்று உறுதியாகத் தெரியாது. வரலாறே உறுதியாகச் சொல்லாததைக் கதாசிரியர் எப்படிச் சொல்வார் என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் வரலாறு அந்தக் கொலையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இல்லை. சொன்ன இடத்தை நான் நேரில் போய்ப் பார்த்திருக்கிறேன்.

2008இல் அப்பாவோடு ஊருக்குப் போனேன். அவருக்கு அறுபத்தாறு, எனக்கு முப்பத்தாறு. சிதம்பரத்திலிருந்து பேருந்து. காட்டுமன்னார்கோயிலில் உடையார்குடி என்ற பகுதியில் அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. பெரிய கோயில் இல்லை. மதியம் நடை சாத்துகிற நேரம். அத்தை மகன் பேசி, கொஞ்ச நேரம் உள்ளே நிற்க அனுமதி வாங்கிக் கொடுத்தார். சுவரில் கல்வெட்டு. அந்தக் காலத்து எழுத்து, எங்களால் படிக்க முடியாது. அப்பாவிடம் வாசகத்தை அச்சடித்த ஒரு தாள் இருந்தது. சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பிரித்து, கல்லில் விரலை வைத்துக்கொண்டு, தாளைப் பார்த்துச் சத்தமாக வாசித்தார்.

ராஜராஜன் பட்டத்துக்கு வந்த இரண்டாம் ஆண்டுக் கல்வெட்டு அது. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அவன் விடுத்த ஆணை. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோர் பெயர் வருகிறது. அதன் பிறகு உறவுமுறைகள் வரிசையாக வருகின்றன. அவர்கள் பிள்ளைகள். அவர்களுக்குப் பெண் கொடுத்த மாமன்மார். தாயோடு பிறந்த மாமன்மார். உடன்பிறந்த பெண்களைக் கட்டிக்கொண்டவர்கள். இவர்கள் எல்லாருடைய உடைமையையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஆணை.

நான் சுவரைப் பார்த்தபடி நின்றேன். மாமன். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய கல்லில் அதே சொல். என் அம்மாவின் தம்பியை நான் கூப்பிடுகிற சொல். ஓர் ஆணையில் இத்தனை உறவு! அக்காவைக் கட்டிக்கொடுத்த வீட்டில் ஒருநாள் காலையில் ஆள் வந்து நின்றிருப்பார்கள். நிலத்தை அளந்திருப்பார்கள், பாத்திரத்தை எண்ணியிருப்பார்கள். அந்த அக்காவுக்குத் தன் தம்பி என்ன செய்தான் என்று முன்னமே தெரியுமா? அன்று அந்தத் தெருவில் அடுப்பு எரிந்ததா? யார் வீட்டுத் திண்ணையில் போய்ப் பிள்ளைகளைப் படுக்க வைத்தாள்?

எனக்கு வேண்டிய நாவல் அது. அரண்மனையிலிருந்து பார்க்காமல் அந்தத் தெருவிலிருந்து பார்க்கிற நாவல். ரவிதாசன் கல்கியின் கதையில் இருட்டிலிருந்து வருகிறான், கோட்டான் குரல் கொடுக்கிறான், இருட்டுக்குள் போகிறான். அவனுக்கு ஓர் அக்கா இல்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தச் சுவரின் முன்னால் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியதே கல்கிதான். அவர் எழுதாவிட்டால் மூட்டை எண்ணுகிற ஒரு துறைமுகக் கிராணி, கல்வெட்டு வாசகத்தைத் தாளில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடல் தாண்டி வந்திருக்கமாட்டார். லட்சக்கணக்கான பேருக்குத் தங்கள் ஊரின் பெயரை மரியாதையோடு திருப்பிக் கொடுத்த புத்தகம் அது. அந்த நன்றி எனக்கு உண்டு. நன்றி வேறு, பிடிப்பது வேறு.

அன்று சாயங்காலம் ஏரிக்கரைக்குப் போனோம். அந்த ஏரித் தண்ணீர் 2004 முதல் குழாய் வழியாகச் சென்னைக்குப் போகிறது. அப்பா கரையில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு ஏரியைப் பார்த்தபடியே சொன்னார்: "ஊர்ல வந்து வீடு கட்டுவேன்னு உங்க அம்மாகிட்ட நாப்பது வருஷமாச் சொல்லிக்கிட்டு இருந்தேன். கட்டமாட்டேன்னு எனக்கு ரொம்ப நாளாவே தெரியும்மா." நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அம்மாவுக்கும் தெரியும் என்று சொன்னேன். "அப்படியா?" என்றார். அவ்வளவுதான். ஒட்டுக்கேட்க யாரும் இல்லை.

2019இல் அப்பா போனார். ஒரு மாதம் கழித்து, அலுவலகத்தில் என்னோடு பல வருடம் வேலை பார்த்த சீனத் தோழி ஒரு புத்தகத்தைக் காகிதம் சுற்றிக் கொடுத்தார். பாவ்லோ கொய்லோவின் ரசவாதி, ஆங்கிலத்தில். போர்ச்சுகீசிய மொழியில் 1988இல் வந்து, எத்தனையோ மொழிக்குப் போன புத்தகம். தன்னைத் தூக்கி நிறுத்திய புத்தகம் என்றார். அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். இரண்டே நாளில் படித்து முடித்தேன். எனக்குக் கோபம் வந்தது.

ஆட்டிடையன் சந்தியாகோ புதையலைத் தேடி எகிப்து வரை போகிறான். மனதார ஒன்றை விரும்பினால் பிரபஞ்சமே சேர்ந்து அதை நடத்திவைக்கும் என்று அவனுக்குச் சொல்கிறார்கள். துக்கத்தில் இருக்கிறவர் கையில் கொடுக்கிற பேச்சா இது? மருத்துவமனை வராந்தாவில் நாங்கள் விரும்பியது மனதார இல்லையா? வழியில் ஒரு கண்ணாடிக் கடைக்காரர் வருகிறார். மெக்காவுக்குப் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை, ஆனால் போகமாட்டார். அந்த ஆசைதான் தன்னை உயிரோடு வைத்திருக்கிறது, நிறைவேறிவிட்டால் வாழ ஒன்றும் இருக்காது என்று பயப்படுகிறார். புத்தகத்திலேயே உண்மையான மனிதர் அவர்தான் என்று எனக்குப் பட்டது. ஆனால் கதை அவரைத் தாண்டிப் போய்விடுகிறது. கனவைத் துரத்தாதவர்களுக்கு ஓர் எச்சரிக்கையாக அவரைக் கடையிலேயே விட்டுவிடுகிறது.

நான் அவரை விட்டுப் போகவில்லை. நாற்பது வருடம் ஊரில் ஒரு வீட்டை மனதில் கட்டிக்கொண்டு, இங்கே இரவுப் பணி பார்த்து, மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்த மனிதரை எனக்குத் தெரியும். அவர் வாழ்க்கை யாருக்கும் எச்சரிக்கை இல்லை. இதைத் தோழியிடம் சொன்னேன், கொஞ்ச நாள் கழித்து, ஒரு காப்பிக் கடையில். அவர் வருத்தப்படவில்லை. "என் அப்பாவும் கண்ணாடிக் கடைக்காரர் மாதிரிதான்" என்றார். அதற்கு முன்னால் அவர் தன் அப்பாவைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. அன்று ஒரு மணி நேரம் பேசினார்.

பிடிக்காத புத்தகம் பிறகு பிடித்துப்போவதும் உண்டு, முழுதாக இல்லாவிட்டாலும். ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணி. 1972இல் வந்த நாவல். இங்கே எழுதுகிறவர்கள் எல்லாரும் அதை நம்முடைய நாவல் என்பார்கள். ஜப்பான்காரன் வந்த காலத்து மேடான், பினாங்கு, வட்டிக்கடைகள், பாண்டியன். முதல் தடவை பாதியில் நிறுத்தினேன். என் அம்மாவின் அம்மா அதே காலத்தில் சிங்கப்பூரில் மரவள்ளிக்கிழங்கு நட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றியவர். தாத்தாவைச் சயாம் ரயில் போடக் கொண்டுபோய்விட்டார்கள். திரும்பி வருவாரா என்று தெரியாமல், ஜப்பான்காரன் அடித்த வாழைமர நோட்டைத் துணியில் முடிந்து வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். அந்த நாவலில் ஆண்கள் பேசுகிறார்கள், குடிக்கிறார்கள், மதுரைத் தெருக்களை நினைத்துப் பார்க்கிறார்கள். பாட்டிக்கு அங்கே உட்கார இடமில்லை. பத்து வருடம் கழித்துத் திரும்பப் படித்தபோது அந்தப் பேச்சின் வேகமும், பழந்தமிழையும் கடைத்தெருத் தமிழையும் ஒரே வாக்கியத்தில் ஓடவிடும் துணிச்சலும் என்னைப் பிடித்துக்கொண்டன. ஆனாலும் பாட்டி இன்னும் வெளியேதான் நிற்கிறார். இரண்டையும் சேர்த்தே சொல்ல எனக்கு உரிமை வேண்டும்.

மின்தூக்கியடியில் அந்தப் பெண்ணிடம் நான் சொன்ன பதில் இதுதான்: "சொல்லலாம்மா. எந்த இடத்துல பிடிக்காம போச்சுன்னு சேர்த்துச் சொல்லணும். அதுக்கு முழுசாப் படிக்கணும்." அவள் அடுத்த மாதமும் வந்தாள். இரண்டாம் பாகத்தைப் பற்றிப் பேசினாள். அவளுக்குப் பொன்னியின் செல்வன் ரொம்பப் பிடித்திருந்தது. நந்தினி பக்கம் நின்று அந்தத் தமிழாசிரியரோடு அரை மணி நேரம் வாதாடினாள். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் சொன்ன அத்தியாயத்தைத் தேடித் தேடி எடுத்தார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. இப்போது அவள் தொடக்கக் கல்லூரியில் இருக்கிறாள். அம்மா வராத மாதங்களிலும் வருகிறாள்.

இந்த மாதப் புத்தகம் நான் பரிந்துரைத்தது. அசோகமித்திரனின் தண்ணீர். சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம், தெருவில் குடங்கள், ஜமுனா, சாயா என்று அக்காவும் தங்கையும். என் வாழ்நாளில் அதிக தடவை படித்த தமிழ்ப் புத்தகம் அது. 1963இல் சிங்கப்பூரில் தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுத்தபோது அம்மாவுக்குப் பத்து வயது. கம்போங் பொதுக்குழாயில் வாளியோடு வரிசையில் நின்றதை அம்மா சொல்லிச் சொல்லி, அந்த நாவலில் குடம் இடிக்கிற சத்தம் எனக்கு எங்கள் வீட்டுச் சத்தம் மாதிரியே கேட்கும்.

போன புதன்கிழமை இரவு வாட்ஸ்அப்பில் அவளிடமிருந்து செய்தி வந்தது. "ஆன்ட்டி, எனக்குத் தண்ணீர் பிடிக்கவில்லை."

முகம் சூடானது. விரல் தானாகத் தட்டச்சு செய்யத் தொடங்கியது. உனக்கு வயது போதாது, இன்னும் நாலு வருடம் கழித்துப் படி, பிடித்துவிடும். அனுப்பப் போனேன். அந்தப் பெரியவரின் பரிவான குரல் காதில் கேட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, "எந்த இடத்தில்?" என்று மட்டும் அனுப்பினேன்.

கொஞ்ச நேரம் அவள் எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. பிறகு வந்தது: "டீச்சரம்மா தன் கஷ்டத்தைக் காட்டியதும் ஜமுனா மாறிவிடுகிறாள். இன்னொருவர் கஷ்டத்தைப் பார்த்தால் நம்முடைய கஷ்டம் அவ்வளவு சீக்கிரம் குறைந்துவிடுமா? எனக்குக் குறையாது."

எழுந்து போய் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து வந்து, சமையலறை விளக்கைப் போட்டு, டீச்சரம்மா வருகிற பக்கத்தைத் தேட ஆரம்பித்தேன்.